கோபுரத்தடியில் ஒரு டாங்கிள்: மலிவு விலை எஸ்டிஆர் எங்கே ஜெயிக்கும், எங்கே திணறும்

கொடைக்கானலில் ரேடியோப் பேச்சை எடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "நம்ம ஊரு ஏழாயிரம் அடி. இங்கே எதை மாட்டினாலும் எல்லாம் எடுக்கும்" என்பது ஒன்று. இணையத்தில் எஸ்டிஆர் எனப்படும், கணினியில் செருகும் யுஎஸ்பி ரேடியோக் குச்சி ஒன்றை வாங்கிக் கை சுட்டுக்கொண்டவர்கள் சொல்வது இன்னொன்று: "அது சும்மா பொம்மை. எங்கே திருப்பினாலும் நம்ம எஃப்எம்தான் பாடுது."

இரண்டு தரப்பும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறது. காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறது. நானும் ஒருகாலத்தில் இரண்டாம் கட்சி. என் குச்சி ஆறு மாதம் மேசை டிராயரில் கிடந்தது. ஒருநாள் பூம்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அதையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே, மலை மறைவில், அதே குச்சி வேறு பொருளாக மாறியது போல வேலை செய்தது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன். மின்னணுவியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பழைய ரேடியோ ஒரு சல்லடை

ஆன்டெனா என்பது காற்றில் நீட்டிய ஒரு கம்பி. ஊரில் உள்ள எஃப்எம், செல்போன் கோபுரம், விமானம், காவல்துறை வாக்கிடாக்கி, பக்கத்து வீட்டு எல்இடி பல்பு கக்கும் குப்பை என்று எல்லா அலைகளும் ஒரே நேரத்தில் அந்தக் கம்பியில் வந்து மோதும். ஒரு அலை நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதுதான் அதன் அதிர்வெண். எங்கள் ஊர்க் கோபுரத்திலிருந்து வரும் கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் முறை.

இந்தக் கூட்டத்திலிருந்து ஒரு நிலையத்தை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் ரேடியோவின் முதல் வேலை. தாத்தா காலத்துப் பெட்டியில் கம்பிச்சுருளும், குமிழைத் திருகினால் நகரும் தகடுகளும் சேர்ந்து அதைச் செய்தன. அது ஒரு சல்லடை. வேண்டியதை உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சல்லடை வேண்டும். மத்திய அலைக்கு ஒன்று, எஃப்எம்முக்கு ஒன்று. விமானத் தகவலுக்கு வேறு பெட்டியே வேண்டும்.

ஏரியில் மிதக்கும் தக்கை

மென்பொருள் வானொலி, அதாவது எஸ்டிஆர், வேறு வழியில் போகிறது. கொடைக்கானல் ஏரிக் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தக்கையை மட்டுமே பார்க்கிறார். பெடல் படகு ஒன்று போனால் தக்கை மெதுவாக, பெரிதாக எழும்பி இறங்கும். காற்று அடித்தால் வேகமாக, சின்னதாகத் துடிக்கும். இரண்டும் சேர்ந்தால் பெரிய ஆட்டத்தின் மேல் சின்னத் துடிப்பு ஏறி உட்கார்ந்திருக்கும். தக்கை ஒன்றுதான். ஆனால் அதன் ஆட்டத்துக்குள் ஏரியில் நடப்பது எல்லாம் கலந்திருக்கிறது.

அந்த மனிதர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தக்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று நொடிக்குப் பத்து முறை குறித்துக்கொண்டே வந்தால்? நோட்டில் வெறும் எண்கள்தான் இருக்கும். ஆனாலும் பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, "இது படகின் அலை, இது காற்றின் அலை" என்று பிரித்துவிடலாம். இப்படிச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாக எழுதிக்கொள்வதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். எஸ்டிஆரின் உயிர்நாடி இதுதான். குச்சி அளந்து எண்களை அனுப்பும். நிலையத்தைப் பிரிப்பது, பேச்சைப் பிரித்தெடுப்பது, ஒலியாக்குவது எல்லாம் கணினியில் ஓடும் மென்பொருளின் கணக்கு. சல்லடை இரும்பிலிருந்து கணக்குக்கு மாறிவிட்டது. மென்பொருளை மாற்றினால் ரேடியோவே மாறிவிடும்.

சுருக்கமாக: பழைய ரேடியோ முதலில் பிரித்துவிட்டுப் பிறகு கேட்டது. எஸ்டிஆர் முதலில் மொத்தமாக அளந்துவிட்டுப் பிறகு பிரிக்கிறது. இனி வரப்போகும் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

டிவிக்காகப் பிறந்த குச்சி

கடைகளில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது உண்மையில் கணினியில் டிவி பார்க்கச் செய்த கருவியின் வாரிசு. அதன் உள்ளே இருக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு என்ற சில்லு, டிவிபி-டி என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிரிப்பதற்காக உருவானது. எஃப்எம் கேட்கும் வசதிக்காக, அளந்த எண்களை அப்படியே கணினிக்கு அனுப்பும் ஒரு வழியையும் அதில் வைத்திருந்தார்கள். 2012-இல் ஆன்ட்டி பலோசாரி என்ற லினக்ஸ் நிரலாளர் அந்த வழியை உலகுக்குக் காட்டினார். அதன்பிறகு ஆஸ்மோகாம் என்ற திறந்த மென்பொருள் குழுவினர் அதற்கென்று மென்பொருள் எழுதினார்கள். அதுவரை இதே வேலைக்குப் பெரும் பணம் செலவழிக்க வேண்டியிருந்தது.

ஒரு வேடிக்கை. தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டலுக்கு எடுத்துக்கொண்டது டிவிபி-டி2 என்ற அடுத்த தலைமுறை. ஆக, டிவி பார்க்கப் பிறந்த இந்தக் குச்சியில் நம் நாட்டில் டிவி மட்டும் பார்க்க முடியாது.

எதில் கெட்டி

திரையில் முதன்முதலாக எல்லாரும் வாயைப் பிளப்பது வாட்டர்ஃபால் என்ற அருவிக் காட்சிக்குத்தான். இடமிருந்து வலமாக அதிர்வெண், மேலிருந்து கீழாக நேரம். ஒவ்வொரு நிலையமும் ஒரு வெளிச்சக் கோடாக வழிந்துகொண்டே இருக்கும். வெள்ளி அருவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெயர் பொருத்தமாகவே தோன்றும். குமிழைத் திருகி இருட்டில் தேடிய காலம் போய், எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். யாரோ ஒருவர் மூன்று நொடி பேசிவிட்டு நிறுத்தினாலும் சின்னக் கீற்றாகத் தடம் விட்டுப் போவார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பதிவு. எண்களை அப்படியே வட்டில் சேமித்துவிட்டால், நாளைக்கு அதே பதிவுக்குள் போய் இன்று கேட்காத வேறு நிலையத்தைத் தேடிக் கேட்கலாம். பழைய ரேடியோ கனவிலும் செய்ய முடியாத காரியம் இது. நொடிக்கு 24 லட்சம் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் அளவில் இரண்டு எண்கள் (ஏன் இரண்டு என்பதற்குள் இப்போது போகவேண்டாம்), ஆக நொடிக்கு 48 லட்சம் பைட். ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி சொச்சம். வட்டு நிறைந்து கணினி உறைந்துபோன பிறகுதான் இந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்த்தேன்.

அப்புறம் உயரம். நம் ஊரின் பெருமை இங்கே பொய்யில்லை. எஃப்எம்முக்கு மேலே உள்ள அலைகள் பெரும்பாலும் பார்வை போல நேர்க்கோட்டில் போகின்றன. தொடுவானம் வரை போய், கொஞ்சம் வளைந்து நின்றுவிடும். இதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோத் தொடுவானம். 2100 மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வரும். பத்தாயிரம் மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு 410. இரண்டையும் கூட்டினால் 600. விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே சொல்லிக்கொண்டே போகும். ஏடிஎஸ்-பி என்பது அதற்குப் பெயர். டம்ப்1090 என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அவை வரைபடத்தில் நகரும். காக்கர்ஸ் வாக் பக்கம் போலக் கீழே சமவெளி திறந்து கிடக்கும் இடத்தில் ஏழு சென்டிமீட்டர் கம்பியே போதும். அந்த 600 கிலோமீட்டர் வெறும் காகிதக் கணக்குதான். எந்தப் பக்கம் மலை மறைக்கிறதோ அந்தப் பக்கம் வரைபடம் கத்தியால் வெட்டினதுபோல நின்றுவிடும். விமானங்கள் மறையும் இடங்களைக் கோடு இழுத்துச் சேர்த்தால் நம்மைச் சுற்றியுள்ள மலைகளின் நிழல் கிடைக்கும்.

செயற்கைக்கோள்களும் உண்டு. பல வருடம் பொழுதுபோக்காளர்களின் செல்லமாக இருந்த அமெரிக்காவின் நோவா வானிலைக்கோள்கள் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. பழைய காணொளிகளைப் பார்த்து இப்போது அவற்றைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். ரஷ்யாவின் மீட்டியார் வரிசை 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் படம் அனுப்புகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசும்போது 145.8-இல் அவர்கள் குரலைக் கேட்கலாம்.

"24 முதல் 1766 வரை" என்பதன் அர்த்தம்

அட்டைப்பெட்டியில் இந்த எண்களைப் பார்த்ததும், 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1766 வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மிகப் பரவலான தப்பு இதுதான்.

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை முழுக்கவா தெரியும்? ஜன்னல் அளவுக்குத்தான் தெரியும். பேருந்து நகர்ந்தால் காட்சி மாறும். நம் குச்சி நொடிக்கு 24 லட்சம் அளவு எடுத்தால் அதன் ஜன்னல் 2.4 மெகாஹெர்ட்ஸ். இந்த ஜன்னல் அகலத்துக்கு அலைக்கற்றை அகலம் என்று பெயர். 24 முதல் 1766 வரை என்பது பேருந்து போகக்கூடிய சாலையின் நீளம். அந்தச் சாலை முழுவதையும் பார்க்க 700-க்கு மேற்பட்ட ஜன்னல்கள் வேண்டும். எஃப்எம் வரிசை மட்டுமே 88-லிருந்து 108 வரை 20 மெகாஹெர்ட்ஸ். அதற்கே எட்டு ஒன்பது ஜன்னல்.

"செல்போன் பேச்சு கேட்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 4ஜி ஒரு நிலையத்துக்கு 5, 10, 20 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஜன்னலுக்குள்ளேயே அடங்காது. மீதிப் பாதி, அது மறைகுறியாக்கப்பட்டது. எண்கள் கிடைத்தாலும் பூட்டு திறக்காது.

சாலையில் போக முடிகிறது என்பதாலேயே அங்கே உள்ளதெல்லாம் காதில் விழுந்துவிடாது. நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. நம் குச்சி சர்வசாதாரணமாகப் போய் நிற்கும் இடம்தான். ஆனால் அங்கே அலையைச் சேர்க்கும் பரப்பு 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 11 டிகிரிச் சரிவுள்ள ஒரு மலையைத் தேடிப்பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்தார்கள். அண்டத்தின் கோடியிலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்கவைப்பது அந்தப் பரப்பும் அதன் பின்னால் உள்ள நுட்பமான பெருக்கிகளும்தான்.

இதுவரை: குச்சி ஒரு நேரத்தில் ஒரு சின்ன ஜன்னலை மட்டும் அளக்கிறது. ஜன்னலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அங்கே கேட்குமா என்பது வேறு கேள்வி.

256 கோடு போட்ட தராசு

சரி, இப்போது நம் ஊர்ச் சிக்கலுக்கு வருவோம்.

தக்கையின் உயரத்தைக் குறித்த மனிதர் எந்த அளவுகோலை வைத்துக் குறித்தார்? சென்டிமீட்டரிலா, மில்லிமீட்டரிலா? இந்தக் குச்சி ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. பிட் என்பது ஆம்/இல்லை என்ற ஒற்றை விடை. எட்டு விடைகளைச் சேர்த்தால் 256 படிகள். அவ்வளவுதான் அதன் அளவுகோல்.

மண்டியில் 256 கோடு மட்டும் போட்ட ஒரு தராசு இருப்பதாக நினையுங்கள். அதில் 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஏற வேண்டும் என்றால் ஒரு கோடு கிட்டத்தட்ட 200 கிராம். மூட்டையின் மேல் ஒரு மலைப்பூண்டுப் பல்லை வைத்தால் முள் அசையாது. பல்லை நிறுக்க வேண்டுமென்று தராசை நுணுக்கமாக மாற்றினால், மூட்டையை ஏற்றியதும் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றுவிடும். மூட்டையும் தெரியாது, பல்லும் தெரியாது.

தராசை நுணுக்கமாகவோ முரட்டுத்தனமாகவோ மாற்றும் அந்தக் குமிழுக்குத்தான் கெய்ன் என்று பெயர். ஒரே நேரத்தில் நிறுக்கக்கூடிய மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும் உள்ள இடைவெளி இயங்கு வீச்சு. மலிவு எஸ்டிஆரின் உண்மையான பலவீனம் இந்த இயங்கு வீச்சுதான், காது மந்தம் இல்லை. தனியாக வைத்தால் பூண்டுப் பல்லை அழகாக நிறுக்கும். பக்கத்தில் மூட்டை இருக்கக்கூடாது, அவ்வளவே.

(ஒரு கோட்டுக்குக் கீழே எதுவுமே தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. முள் லேசாக ஆடிக்கொண்டே இருந்தால், லட்சக்கணக்கான தடவை பார்த்துச் சராசரி எடுப்பதன் மூலம் கோட்டுக்கு இடைப்பட்டதையும் ஊகிக்கலாம். மென்பொருள் இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் முள் கடைசியில் முட்டி நின்றுவிட்டால் சராசரியும் உதவாது.)

பூண்டுப் பல்லை உவமைக்காக மட்டும் எடுக்கவில்லை. கோடை பண்பலையின் ஒலிபரப்பி 10 கிலோவாட். கோபுரத்திலிருந்து உங்கள் வீடு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வானிலைக்கோள் ஒன்று 830 கிலோமீட்டர் உயரத்தில் 5 வாட்டில் அனுப்புகிறது என்போம். ஆன்டெனாவில் இரண்டும் உண்டாக்கும் மின்னழுத்தத்தை ஒப்பிட்டால் தோராயமாகப் பதினெட்டாயிரம் மடங்கு வித்தியாசம். 50 கிலோவைப் பதினெட்டாயிரத்தால் வகுத்தால் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு பூண்டுப் பல்.

வாசலிலேயே மாட்டிக்கொள்ளும் பெருக்கி

கவனமாகப் படித்துவந்தவர் இங்கே என்னைப் பிடிப்பார். "ஜன்னல் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான் என்றீர்கள். நான் 137-இல் நிற்கிறேன். 100.5 ஜன்னலுக்கு வெளியேதானே இருக்கிறது? மூட்டை எப்படித் தராசில் ஏறியது?"

சரியான கேள்வி. ஜன்னல் உள்ளே இருக்கிறது. அதற்கு முன்னால், வாசலில், ஆன்டெனாவிலிருந்து வருவதை முதலில் வாங்கிப் பெரிதாக்கும் பெருக்கி ஒன்று இருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கும் ரேடியோக்களில் அதற்கும் முன்னால் இறுக்கமான சல்லடைகள் வரிசையாக இருக்கும். இந்தக் குச்சியில் இருப்பது தளர்வான சல்லடை. அதனால் கோபுரத்தின் அலை கிட்டத்தட்ட முழுசாக வாசல் பெருக்கியில் வந்து விழுகிறது.

கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழுசாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? சத்தம் கூடுவதோடு நிற்காது. மூலப் பாட்டில் இல்லாத கரகரப்பு புதிதாகப் பிறக்கும். பெருக்கி தன் எல்லையைத் தாண்டும்போது அது இல்லாத அலைகளை உற்பத்தி செய்யும். ரேடியோவில் அந்தக் கரகரப்பு வேறு அதிர்வெண்களில் போய் உட்காரும். 100.5-இன் இரட்டிப்பான 201 மெகாஹெர்ட்ஸில் கோடை பண்பலை மறுபடி பாடும். அங்கே யாரும் ஒலிபரப்பவில்லை. உங்கள் குச்சிக்குள் மட்டுமே பிறந்த பேய் நிலையம் அது. "எங்கே திருப்பினாலும் நம்ம எஃப்எம்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை.

பேயா நிஜமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கெய்னைக் குறையுங்கள், அல்லது ஆன்டெனாக் கம்பியைப் பாதி உள்ளே தள்ளுங்கள். நிஜ நிலையம் எவ்வளவு குறைத்தீர்களோ அவ்வளவுதான் மெலியும். பேய் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக மெலிந்து, சட்டென்று காணாமல் போகும். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று நண்பர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்புவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது மானத்துக்கு நல்லது.

இந்த இடத்தில் ஆரம்பநிலைக்காரர்கள் எல்லாரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். சரியாகக் கேட்கவில்லை என்றதும் கெய்னை முழுசாக ஏற்றினேன். போதாதென்று தனியாக ஒரு பெருக்கியும் வாங்கி மாட்டினேன். கண் கூசுபவனுக்கு இன்னொரு விளக்கைப் போட்டுக் காட்டிய கதை. நிலைமை மோசமானது. கெய்னைக் கீழிருந்து மெல்ல மெல்ல ஏற்றி, தரை போலக் கிடக்கும் பின்னணி இரைச்சல் திடீரென்று துள்ளி எழும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதுதான் வழி. பல நேரம் கெய்னைக் குறைத்தால்தான் நன்றாகக் கேட்கும். சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை.

எங்கள் ஊருக்கு முதல் மருந்து, 88 முதல் 108 வரை உள்ளதை மட்டும் தடுத்து மற்றதை விடும் ஒரு சின்ன வடிகட்டி. ஆன்டெனாவுக்கும் குச்சிக்கும் நடுவில் மாட்ட வேண்டும். தனிப் பெருக்கி வைத்தே ஆகவேண்டும் என்றால் வடிகட்டி அதற்கும் முன்னால் வரவேண்டும். தூரத்து எஃப்எம் நிலையங்களைத் தேடுபவர்களுக்கு இந்த மருந்து ஆகாது, அது எஃப்எம் முழுவதையும் தின்றுவிடும். அவர்கள் இருபக்கக் கம்பி ஆன்டெனாவைப் படுக்கை வசமாக வைத்து அதன் நுனியைக் கோபுரத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கலாம். நுனித் திசையில் இந்த ஆன்டெனாவுக்குக் காது குறைவு. இல்லையென்றால் என்னைப் போலப் பூம்பாறைக்கே போய்விடலாம். இடையில் உள்ள மலை இலவச வடிகட்டி. கல்யாண வீட்டு மாடியில் ஒரு இலங்கைத் தமிழ் அறிவிப்பாளரின் குரல் வந்து வந்து போனது. பந்திக்குக் கூப்பிட ஆள் வரும்வரை நான் இறங்கவில்லை.

சுருக்கம்: மலிவு எஸ்டிஆரைத் திணறடிப்பது பக்கத்தில் உள்ள பலமான நிலையம். அது தராசிலும் இடிக்கும், வாசல் பெருக்கியிலும் இடிக்கும். ஆகவே மலை உச்சியும் கோபுரமும் ஒரே ஊரில் இருந்தால் வரமும் சாபமும் ஒன்றாக வரும்.

குளிரும் வேலியும்

குச்சிக்குள் ஒரு குட்டிப் படிகம் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதுதான் எல்லாவற்றுக்கும் கடிகாரம். மலிவான படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு தப்பலாம். கைக்கடிகாரத்தில் அது ஒரு நாளைக்கு நாலு நொடி, யாரும் கவலைப்பட மாட்டோம். ஆனால் 145.8 மெகாஹெர்ட்ஸில் அது 7 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போவது. நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. படிகம் சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப நகரும் என்பதால், மார்கழி இரவில் வாசலில் வைத்துப் போட்டால் குச்சி சூடேறும்வரை கோடு சாய்ந்துகொண்டே போவதை அருவிக் காட்சியில் பார்க்கலாம். கால் மணி நேரம் பொறுத்தால் நிதானப்படும். வெப்பத்தை ஈடுகட்டும் படிகம், அதாவது டிசிஎக்ஸ்ஓ, உள்ள குச்சி என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கூடக் கொடுக்கும் காசுக்கு மதிப்புள்ள விஷயம் இது.

24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, சிற்றலை, மத்திய அலைப் பக்கம் போக இந்தக் குச்சிகளுக்குச் சுற்றுவழிகள் உண்டு. சில மாடல்களில் அது உள்ளேயே இருக்கிறது. கேட்கும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நான் அந்தப் பக்கம் ஒரு இரவு முழுக்க நொடிக்கு ஒன்றாக "டிக்... டிக்..." என்று வந்த சத்தத்தைக் குறித்து வைத்து, ஏதோ ரகசிய நேரக் குறியீடு என்று நினைத்துவிட்டேன். காலையில் பார்த்தால், காட்டெருமை வராமலிருக்கப் பக்கத்துப் பீன்ஸ் தோட்டத்தில் போட்ட சோலார் வேலி. ஈரச் செடி கம்பியில் உரசி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொறி. வீட்டிலேயே இதுபோல நிறைய உண்டு: எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். திரை பளிச்சென்று சுத்தமானால் குற்றவாளி வீட்டுக்குள்ளேதான்.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

விலை கூடினால் தராசின் கோடும் கூடும் என்று நினைக்காதீர்கள். ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் பல மடங்கு விலை. 6000 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், அனுப்பவும் செய்யும். ஆனால் அதுவும் 8 பிட்தான். ஏர்ஸ்பை ஆர்2, ஏர்ஸ்பை மினி என்ற எஸ்டிஆர்களில் 12 பிட், அதாவது 4096 கோடு. கோபுரத்தடியில் இருப்பவர்களுக்கு இந்த எண்தான் முக்கியம், சாலை நீளம் அல்ல. ஆனாலும் முதல் கருவியாக நான் மலிவுக் குச்சியையே சொல்வேன். கூடவே ஒரு வடிகட்டியும், கையால் வெட்டிச் செய்த ஆன்டெனாவும். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம், அதில் கால் பங்குக்கும் ஒரு நூல் குறைவாக ஒவ்வொரு கம்பி. 137-க்கு 52 சென்டிமீட்டர் வரும். இடி இடித்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். மலையில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இது கேட்க மட்டும் தெரிந்த கருவி. அனுப்ப ஆசை வந்தால் ஹாம் ரேடியோத் தேர்வு எழுதி மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் உரிமம் வாங்க வேண்டும். கேட்பதிலும், நமக்காகப் பேசப்படாததை, காவல்துறை உட்பட, ஒட்டுக்கேட்பதும் அதைப் பரப்புவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

குச்சியைப் பொம்மை என்று சொன்னவர் எங்கள் தெருவில் சாக்லேட் கடை வைத்திருக்கும் அண்ணன். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் வடிகட்டியை மாட்டி, கெய்னைப் பாதியாக இறக்கி, மீட்டியார் தலைக்கு மேல் வரும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போன் செய்தார். "தம்பி, மேகப் படம் அருமையா வந்துச்சு. இலங்கை அப்படியே தெரியுது. ஆனா ஒண்ணு... நம்ம எஃப்எம்மைக் காணோமே?"